கொதிக்க வைத்த நைட் கார்டு

நான் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று என் கணவர் கண்டுபிடித்தது ஒரு பட்டப்பகலில். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, ஜன்னலுக்குக் குறுக்கே போர்வையை மாட்டிவிட்டுப் படுத்துவிடுவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானும் நான்கு வயதுப் பாப்பாவும் சத்தமில்லாமல் போய் அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வோம். அன்று மூன்று மணி இருக்கும். தோளைத் தட்டி என்னை எழுப்பினார்.

“இன்னா சத்தம் அது?”

“எது?”

“உன் வாயிலேர்ந்துதான் வருது. பெல்ட்டுல ரோலர் காஞ்சி போனா கர்ரு கர்ருன்னு கத்தும் பாரு, அதே சத்தம். மைன்ஸ்ல நின்னுகினே தூங்கிட்டேன் போலருக்குன்னு தூக்கிவாரிப் போட்டுச்சி எனக்கு.”

அவர் வேலை அதுதான். சுரங்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளும் ரோலர்களைப் பார்த்துக்கொள்வது. பார்த்துக்கொள்வது என்பதைவிடக் கேட்டுக்கொள்வது என்று சொல்லலாம். பெல்ட்டை ஒட்டி நடந்துகொண்டே, எந்த ரோலர் கெடப்போகிறது என்று காதாலேயே பிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவரிடம் நான் கடிக்கவே இல்லை என்று சாதித்தேன். மறுநாள் மத்தியானம் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். யாரோ அம்மியில் கல் உப்பை அரைப்பது மாதிரி இருந்தது. பாப்பா அதைக் கேட்டுவிட்டு, “அம்மா கனவுல முறுக்கு தின்றாங்க” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எழும்போது தாடை மரத்துக் கிடப்பது, நெற்றிப்பொட்டில் வலி, வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் எதையாவது கடித்து விடும்போது சுரீர் என்று ஏறும் ஒரு வலி, இவையெல்லாம் ஆறு மாதமாக இருந்தன. தைலம் தடவிக்கொண்டேன். அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திக்கொண்டேன். பிரசவத்துக்குப் பிறகு சுண்ணாம்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததற்குத் தண்டனை என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். உடம்புக்கு எது வந்தாலும் அதில் என் தப்பு என்ன என்றுதான் என் மனசு முதலில் தேடும்.

பல் டாக்டர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. நாங்கள் இருக்கும் இதே சுரங்க டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். பல்லின் மேல் நீல மருந்து தடவித் துடைத்தார். சிறு கண்ணாடியை வாய்க்குள் பிடித்து இன்னொரு கண்ணாடியில் எனக்குக் காட்டினார். கடைவாய்ப் பல்லின் நடுவே தலைமயிர் மாதிரி ஒரு நீலக் கோடு.

“விரிசல்மா. இப்போதைக்கு மேலாக்கதான் இருக்கு. ஆனா நீங்க டெய்லி இப்படிக் கடிச்சா அது கீழே இறங்கும். வேர் வரைக்கும் போயிடுச்சுன்னா எடுக்கறதத் தவிர வேற வழியில்ல. பல்லுக்கு உறை மாதிரி ஒரு நைட் கார்டு செஞ்சு தரேன். தூங்கும்போதெல்லாம் போடணும். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துட்டு, கோடு அப்படியே இருந்தா மேல கேப் போட்டுக் காப்பாத்திடலாம்.” பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: “அப்படி என்ன கவலை உங்களுக்கு?”

“கவலைலாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்” என்றேன். அது பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கணவருக்கு வேலை இருக்கிறது, இருக்க வீடு இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது. கவலைப்பட எனக்கு என்ன உரிமை? பாப்பாவுக்குச் சளி பிடித்தால் அவள் மூச்சை எண்ணுவதும், கேஸை மூடினேனா என்று படியிறங்கிய பிறகு மேலே ஏறிப் போய்ப் பார்ப்பதும், அவர் ஷிப்ட் முடிந்து கால் மணி தாமதமானால் வாசலுக்கும் பால்கனிக்கும் நடப்பதும் எல்லோரும் செய்வதுதான் என்று இருந்தேன்.

இருபத்தெட்டு வயதில் கடைவாய்ப் பல் போவது என்பது என்னால் தாங்க முடியாத விஷயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதுவரை அப்படி ஒரு பல் இருப்பதையே நினைத்ததில்லை.

அளவெடுத்த நாளை மறக்க முடியாது. குழைத்த இளஞ்சிவப்பு மாவை ஒரு இரும்புத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினார்கள். குமட்டியது. டாக்டர் என் தலையைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “மூக்கால மூச்சு விடுங்க, கால் கட்டைவிரலை ஆட்டுங்க, அதையே பாருங்க” என்றார். கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே மூன்று நிமிடத்தைக் கடந்தேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது. மேல்வரிசைப் பல் முழுவதையும் மூடும் ஒரு தெளிந்த உறை. முழுக்க ரப்பரும் இல்லை, முழுக்கக் கெட்டியும் இல்லை. போட்டதும் டக்கென்று பிடித்துக்கொண்டது. முதல் நாள் எச்சில் ஊறி ஊறித் தலையணை நனைந்தது. “ச” வராமல் “ஷ” வந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “ஓகோ, பல்லுக்கு ஹெல்மெட்டா? இனிமே உன் வூட்டுக்காரரு உன்னாண்ட சண்டை போட பயப்படத் தேவையில்ல, கடிச்சாலும் படாது” என்றார். பாப்பா அதற்கு “கண்ணாடிப் பல்லு” என்று பேர் வைத்தாள்.

பராமரிப்பை டாக்டர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கென்றே ஒரு மெல்லிய பிரஷ். பேஸ்ட் கூடாது, கீறல் விழும். ஒரு சொட்டு கை கழுவும் சோப்பு போதும். காற்றில் நன்றாக உலர்ந்த பிறகுதான் டப்பாவில் வைக்க வேண்டும், ஈரத்தோடு மூடினால் நாற்றம் வரும். நோட்டில் எழுதியதை அப்படியே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பாத்ரூம் கதவில் ஒட்டினேன். படித்தவள் என்பதற்கு வீட்டில் இதுதான் பயன் என்று என் கணவர் கேலி செய்தார்.

ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. நெற்றிப்பொட்டு வலி குறைந்தது. காலையில் வாயைத் திறந்து கொட்டாவி விட முடிந்தது. கொட்டாவி விடுவது இவ்வளவு சுகமானது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

உலர்த்தத்தான் இடம் இல்லை. பாத்ரூம் எப்போதும் ஈரம். வெயிலில் வைத்தால் கெட்டுவிடுமோ என்று பயம். கடைசியில் வெயில் படாத சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு துணியை விரித்து வைத்தேன். மூன்று வாரம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் காலையில் பாப்பாவை ஸ்கூலுக்குக் கிளப்பிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தேன். விரலில் சாம்பல் ஒட்டியது.

எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. அனல் மின் நிலையம் இருக்கும் பக்கமிருந்து காற்றடித்தால் மாடியில் காயும் வெள்ளைத் துணி சாயங்காலம் வெள்ளையாக இருக்காது. நாங்கள் உதறிவிட்டு மடிப்போம். ஜன்னல் திட்டைத் துடைத்துக்கொண்டே இருப்போம். அதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும், கார்டை அந்தத் திட்டில் வைக்கும்போது என் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று வாரமாகச் சாம்பலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன் என்று முதலில் தோன்றியது. அந்த வாயால்தானே பாப்பாவுக்கு முத்தம் கொடுத்தேன், அவள் சோற்றை ஊதிக் கொடுத்தேன் என்று அடுத்த நினைப்பு வந்தது. பச்சைத் தண்ணீரில் கழுவினேன். மறுபடி கழுவினேன். போதாது என்று தோன்றியது.

அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாப்பாவின் ஸ்பூனையும் டம்ளரையும் தினமும் கொதிக்க வைக்கும் பழக்கம், அவள் பால் பாட்டிலை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் எனக்குப் போகவில்லை. அவை இரண்டும் உள்ளே ஆடிக்கொண்டிருந்தன. நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். பச்சைத் தண்ணீர் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அது தினசரிக் கழுவலுக்குச் சொன்னது, இது விசேஷமாக அழுக்கான நிலை, குழந்தைக்கே கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். கார்டைப் போட்டேன். ஐந்து நிமிடம். இடுக்கியால் எடுத்தபோது துளி அழுக்கில்லாமல் பளபளவென்று இருந்தது. எனக்கு என்ன ஒரு நிம்மதி!

அன்று மத்தியானம் போட்டபோது டக்கென்ற பிடிப்பு இல்லை. அழுத்தினேன். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கியது. முன்பல்லை யாரோ தள்ளுவது மாதிரி இருந்தது. வளைந்துவிட்டதோ என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அந்த நினைப்பை மூடி வைத்தேன். ஈறு வீங்கியிருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பைத் திறந்து பார்த்தால், டாக்டர் சொன்னதை மீறிக் கெடுத்தது நான் என்று ஆகிவிடும். அதற்குப் பதிலாக வலியைத் தாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மூன்று வாரம் அதைத்தான் போட்டுக்கொண்டு தூங்கினேன். இரண்டாவது வாரத்தில் கடைவாய்ப் பல்லில் பழைய சுரீர் திரும்பி வந்தது. தோசையை இடது பக்கமே மென்றேன். கணவர் கேட்டார்: “இப்ப எப்புடி இருக்கு?” “நல்லா இருக்குங்க” என்றேன். அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

ரிவியூ நாளன்று பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு. அவருக்குப் பகல் ஷிப்ட். அவளையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதற்குள் என் பற்களின் வெள்ளை மாவு அச்சு இருந்தது. அடியில் என் பெயரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் பென்சிலில் எழுதியிருந்தன. கார்டை அதன் மேல் வைத்து விரலால் தட்டினார். கார்டு ஊஞ்சல் மாதிரி ஆடியது.

“என்னம்மா இது? எப்படி இப்படி ஆச்சு?”

அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்கூலில் வீட்டுப்பாடம் கொண்டுவராத நாளின் பயம். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அது வெளியே வந்துவிட்டது.

“பாப்பா… வெளையாட்டா எடுத்து, அடுப்புல சுடுதண்ணி இருந்துச்சு, அதுல போட்டுட்டா டாக்டர்.”

பாப்பா ஓரத்து ஸ்டூலில், நர்ஸ் ஊதிக் கொடுத்த கையுறைப் பலூனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“ஏண்டா தங்கம், அம்மாவோட பல்ல வேக வச்சுட்டியாமே? உப்பு, காரம்லாம் போட்டியா?”

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நான் பயந்தேன். பாப்பா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பலூனை மடியில் வைத்துவிட்டு, ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“ஆமா டாக்டர். சாரி டாக்டர். இனிமே போடமாட்டேன்.”

பயந்தது நடந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. அந்தச் சாய்வு நாற்காலியில் கழுத்தில் பிளாஸ்டிக் துணியோடு படுத்துக்கொண்டு, நான்கு வயதுக் குழந்தையின் தலையில் என் தப்பை ஏற்றி வைத்திருந்தேன். அவளும் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து உட்கார்ந்தேன். “இல்லைங்க டாக்டர். அவ இல்ல. நான்தான் போட்டேன். கொதிக்க வச்சேன்.” அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே சாம்பல், ஜன்னல் திட்டு, ஸ்பூன், டம்ளர், மூன்று வாரம் எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் கொட்டினேன்.

டாக்டர் ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தார். பிறகு நர்ஸைப் பார்த்து, “சாம்பலுக்குப் பயந்து வேக வச்சிருக்காங்க. இந்த ஊர்க்காரங்களத் தவிர யாருக்கு இந்த யோசனை வரும்?” என்றார். எனக்கே அழுகையோடு சிரிப்பு வந்தது. “இது என் தப்பும்தான்மா. பச்சைத் தண்ணின்னு சொன்னேனே தவிர, சுடுதண்ணி பட்டா வளைஞ்சிடும்னு சேத்துச் சொல்லல. காரணம் தெரிஞ்சிருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்க. இனிமே எல்லாருக்கும் சொல்றேன். சரி, படுங்க, பல்லப் பாப்போம்.”

நீல மருந்தைத் தடவினார். துடைத்தார். விளக்கை இழுத்துக் கிட்டே கொண்டுவந்தார். ஒரு குச்சியை அந்தப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொன்னார். நான் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரே முனைக்கு மறுபடி மறுபடி வந்தார். போய்விட்டது, என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

“கோடு அதே இடத்துலதான் இருக்கு. இறங்கல” என்றார். “வளைஞ்ச கார்டு ஒரே பக்கமா அழுத்தினதுல வலி திரும்பியிருக்கு, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு மாசம் இதையே போட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.”

அச்சு பத்திரமாக இருந்ததால் மறுபடி வாயில் மாவு வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண்ணின் பற்களைப் பெயரெழுதி டப்பாவில் போட்டு, தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்த அலமாரியை நான் இப்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரமே புதுக் கார்டு வந்துவிட்டது.

திரும்பும் வழியில், ஸ்கூட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்த பாப்பாவின் காதருகே குனிந்து கேட்டேன்: “நீ போடலையேடா. அப்புறம் ஏன் சாரி சொன்ன?”

“நீதானம்மா சொன்ன, நான் போட்டேன்னு.”

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். அம்மா சொன்னால் அது நடந்திருக்கும். வண்டியை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினேன். “அம்மா சொன்னது பொய். அம்மாவுக்குப் பயம் வந்துச்சு, அதான் சொன்னேன். நீ செய்யாதத செஞ்சதா யாரு சொன்னாலும், அம்மாவே சொன்னாலும், நான் செய்யலன்னு சொல்லணும். சரியா?” அவள் தீவிரமாகத் தலையாட்டினாள். பிறகு பலூனுக்குக் கண் வரைந்து தரச் சொன்னாள். பேனா இருந்தது, வரைந்து கொடுத்தேன்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாவைச் சொன்ன பகுதியை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அதையும் சொன்னேன். அவர் பூட்ஸைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேக வச்சத வுடு. தெரியாம செஞ்சது. மூணு வாரமா வலிச்சிருக்கு, நான் கேக்குறேன், நல்லா இருக்குன்றியே. எங்காண்ட ரோலர் கத்தனா கத்துதுன்னு உடனே சொல்லிடணும். மறச்சி வச்சிகினு அடுத்த ஷிப்டு வந்து பாக்கட்டும்னு போனா பெல்ட்டே கிழிஞ்சிடும். ரோலர் கெட்டதுக்கு எவனும் திட்டமாட்டான்டி. சொல்லாததுக்குத்தான் திட்டுவான்.”

“நீங்க திட்டலையே.”

“இதான் திட்டு. இன்னும் எப்புடித் திட்டுவாங்க?”

இப்போது கார்டு உலர்வது படுக்கையறை அலமாரிக்குள், ஓட்டை போட்ட ஒரு சிறு வடிகட்டிக் கிண்ணத்தில். ஏதாவது சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் செய்கிறேன். “சாதாரணத் தண்ணியா, ஃபில்டர் தண்ணியா?” என்பது மாதிரிக் கேள்விக்குக்கூட அவர் சிரிக்காமல் பதில் சொல்கிறார். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. முதல் நாள் வலது பக்கம் ஒரு வறுத்த முந்திரியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். வலிக்கவில்லை. இன்னொன்று கடித்தேன், சந்தேகத்துக்கு மூன்றாவது.

கவலை போய்விட்டதா என்றால், இல்லை. கேஸைப் பார்க்க இன்னும் மேலே ஏறத்தான் செய்கிறேன். ஆனால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறது. போன வாரம் சமையலறைத் தரையெல்லாம் பால். டம்ளர் ஒரு மூலையில் உருண்டு கிடந்தது. பாப்பா பக்கத்தில் நின்றாள்.

“யாருடி கொட்டினது? நீதான?” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரிடம் சாரி சொல்வதற்கு முன் பார்த்த அதே பார்வை. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: “நான் இல்ல! அப்பாதான்!”

போர்வை மாட்டிய இருட்டறையிலிருந்து, தூங்குவதாக நான் நினைத்திருந்தவரின் குரல் வந்தது: “கை தட்டிடுச்சிம்மா. தொடைக்கலாம்னு துணி தேடினேன், கெடைக்கல. அப்புடியே வந்து படுத்துட்டேன்.”

துணியை எடுத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.